எந்த விறகு எப்படி எரியும்?



2022ல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது டவுனில் இருப்பவர்களும் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். நமக்கு அது புதுசு இல்லை. ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் அடுப்பில் வைத்தால் காம்பரா முழுக்கப் புகைதான். அதில் கஷ்டப்படுவது அடுப்படியில் நிற்கும் தாயும் இடுப்பில் இருக்கும் பிள்ளையும். பிள்ளைக்கு இருமல் விடவில்லை என்றால் மருந்தோடு விறகையும் பாருங்கள்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காய்ச்சவே சூடு செலவாகும், சோறு எப்போது வேகும்? காய்ந்த கட்டை என்றால் வெட்டு முனையில் வெடிப்பு இருக்கும், பட்டை தானாகக் கழரும். இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்னும், ஈரமானது 'தொப்' என்னும்.

நம்ம பக்கத்து மரங்களில் அடுப்புக்கு நல்லது கிளிரிசிடியா. சிங்களத்தில் வெட்டமார என்பார்கள். கட்டை கனமானது, நின்று எரியும், தணலும் நிற்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும்; கம்பை நட்டாலே வேர் பிடிக்கும். வீட்டுத் தோட்டத்து வேலிக்கு இதை நட்டால் விறகுக்கு மலை ஏறும் வேலை குறையும்.

கவ்வாத்து மிலாறு சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். தடித்த தேயிலைக் கட்டையும் வேர்க்கட்டையும் அப்படி இல்லை, நன்றாக நின்று எரியும். சபுக்கு காய்ந்தால் பரவாயில்லை. யூகலிப்டஸ் நல்ல சூடு தரும், ஆனால் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் கோடாலி இறங்காது. அல்பீசியா லேசானது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலாகிவிடும். முள்முருங்கை வெறும் தண்ணி மரம், அதைச் சுமந்து வருவது வீண் வேலை. ஹந்தானைப் பக்கம் கிடைக்கும் பைனஸில் பிசின் அதிகம். பற்றவைக்க ஒரு சிராய் போதும், அதிலேயே சமைத்தால் சட்டியும் சுவரும் கரியாகும்.

அலரிக் குச்சியை அடுப்பில் வைக்கவே வேண்டாம், அதன் புகையும் விஷம். பெயின்ட் அடித்த பலகையும் அப்படித்தான். நிழல் மரத்தில் காய்ந்த கொப்பை இழுக்கும் முன் குளவிக்கூடு இருக்கிறதா என்று மேலே பாருங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில். அப்போதே விறகைப் பிளந்து, தரையில் படாமல் கல்லின் மேல், காற்று போகும்படி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். அடுப்புக்கு மேல் பரண் கட்டி உலர்த்துவது லயத்தில் ஆபத்து. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக அடுத்த காம்பராவுக்கும் போய்விடும்.