அலிபிரியிலிருந்து சித்தூர் கோர்ட் வரை

2003 அக்டோபர் 1. பிரம்மோத்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்க அன்றைய ஆந்திர முதல்வர் திருமலைக்குக் கிளம்பினார். அலிபிரி அருகே சாலையோரத்தில் நக்சல் அமைப்பான மக்கள் யுத்தக் குழு வைத்திருந்த கிளேமோர் கண்ணிகள் அடுத்தடுத்து வெடித்தன. குண்டு துளைக்காத கார் சிதைந்தது. காயங்களோடு உயிர் தப்பினார்.

கிளேமோர் இரும்புக் குண்டுகளை ஒரே திசையில் வீசியடிப்பது. வன்னிச் சாலைகளில் அது என்ன செய்தது என்று ஈழத் தமிழர்களைக் கேட்டால் தெரியும். என்றாலும் அலிபிரியில் என்னை உறுத்துவது வெடிமருந்து அல்ல, பஞ்சாங்கம். உற்சவத்துக்கு முதல்வர் வருவார், மலையேற இந்தப் பக்கம்தான் வந்தாக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள உளவாளி தேவையே இல்லை. 2000-இல் கட்கேசரில் அமைச்சர் ஒருவரைக் கண்ணிவெடியில் கொன்ற அதே குழு, அடுத்த மூன்றரை ஆண்டில் நம் பழக்கத்தைப் படித்து முடித்திருந்தது.

அதன் பிறகு தலைவர்களின் பாதுகாப்பு இறுகியது. இறுகாத இடம் எது என்று வேறொரு கும்பல் தேடியது. 2016 ஏப்ரல் 7-இல் சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் சிறிய குண்டு ஒன்று வெடித்தது. ஜூனில் கொல்லம், ஆகஸ்டில் மைசூரு, செப்டம்பரில் நெல்லூர், நவம்பரில் மலப்புரம். எல்லாமே கோர்ட்டை ஒட்டிய இடங்கள். வாய்தாவுக்கு வருகிறவன் கையிலிருக்கும் பையை யார் திறந்து பார்த்தார்கள்? பெரிய தலைவர் வேண்டாம், பெரிய வெடியும் வேண்டாம் என்று அவர்கள் சுருங்கியதே ஒரு பாடம்தான். நவம்பர் கடைசியில் பிடிபட்டவர்கள் மதுரைக்காரர்கள்.

ஏழைகளின் குறையைத் தீர்க்காமல் காவலை மட்டும் கூட்டிப் பயனில்லை என்பவர்களும் உண்டு. அது நீண்ட நாள் வேலை. என் கவலை நாளைக்கானது.

சித்தூர் மூன்று மாநிலம் கூடும் மூலை. காட்பாடியில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். 2013 அக்டோபரில், எலும்புமுறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூரில் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்து, வேறு வழக்குகளில் தேடப்பட்டவர்களைப் பிடித்தது எல்லை தாண்டிப் போன தமிழகக் காவலர்கள்தான். ஆந்திரக் காவலர்களும் கூட நின்றார்கள். அப்படிக் கைகோத்தது அன்று ஒரு நாளோடு முடிந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். சித்தூர் வழக்கின் காகிதம் தெலுங்கில், கொல்லத்துக் காகிதம் மலையாளத்தில், மைசூருவினுடையது கன்னடத்தில். குண்டு வைத்தவர்களுக்கு இந்த எல்லை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஒரு கோர்ட் வாசலில் நடந்தது அடுத்த மாநிலத்துக் கோர்ட் வாசலில் நிற்கும் காவலர் காதுக்கு, அவர் மொழியில், அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். முதல் குண்டுக்கும் ஐந்தாவது குண்டுக்கும் நடுவே ஏழு மாதம் இருந்தது.