ஊர்வாய் – 9: விசரும் பேயும்

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு. யாழ்ப்பாணத்தில் இந்தப் பழமொழியைக் கேளாமல் வளர்ந்தவர் குறைவு. தமிழ்நாட்டில் இதே வழிப்போக்கன் பட்டுக்கோட்டைக்குப் போகிறான். ஒன்றைக் கேட்க இன்னொன்றைச் சொல்லும் அந்தப் பாக்குக்காரனுக்கு எங்கள் பக்கத்துப் பழையவர்கள் வைத்திருந்த பேர், விடுபேயன்.

பேயனுக்கும் பேய்க்கும் இப்போது பெரிய உறவு இல்லை. ஏமாற்றுவது பேய்க்காட்டுவது; ஏமாறுகிறவன் பேயன். “என்னைப் பேய்க்காட்டாதை தம்பி” என்று மீனின் செவுளைக் கிளப்பிப் பார்க்கும் ஆச்சி, தான் பேயில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். படிப்பு ஏறாதவன் மொக்கன். அலட்டுகிறவன் கதைப்பது மோட்டுக்கதை.

விசர்தான் இவற்றுக்கெல்லாம் தலை. சுகாதாரத் திணைக்கள அறிவித்தலில் அது விசர்நாய்க்கடி, வீட்டில் “உனக்கென்ன விசரே?” ஒரு பெண்ணின் நினைப்பில் சோறு தண்ணி இல்லாமல் திரிகிறவனுக்கும் இதே சொல்தான்: “அவளில விசராத் திரியிறான்.” காதலுக்கென்று தனி வசை செய்ய ஊர் மெனக்கெடவில்லை. புத்தி கெட்டதில் ஒரு வகை என்று கணக்கை முடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரே ஒழுங்கையில் மூன்று நாலு தரம் சைக்கிளைத் திருப்பி, வேலிப் பொட்டுக்குள்ளால் பார்க்கிறவன் செய்வது மட்டும் ‘சுழட்டல்’. அது தொழிலின் பேர், ஆளின் பேர் அல்ல.

ஆள் முற்றாக விழுந்துவிட்டால் தாய்க்காரி மகனைக் குறை சொல்லமாட்டா. “அவள் சொக்குப்பொடி போட்டிட்டாள்.” பொடியன் விசரன், பாவம், பெட்டையோ ஆட்டக்காரி. இந்த ஓரவஞ்சகம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சொல்லில் அப்படித்தான் இருக்கிறது.

இத்தகைய பேச்சுக்கும் அகராதிக்கும் இந்த மண்ணில் நெருக்கம் உண்டு. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனின் செமினறி 1823 முதல் 1855 வரை நடந்தது. அயலூரின் பேரைச் சுமந்த மானிப்பாய் அகராதி 1842இல் அச்சேறியது. உடுவிலில் இருந்த வின்சுலோ, யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடங்கிய சேகரிப்பை வளர்த்து 1862இல் சென்னையில் தமது பேரகராதியை வெளியிட்டார். பிறகு வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன், எங்கள் வழக்குகளுக்கு யாழ்ப்பாணம் என்று தனிக் குறியே போட்டது. பண்டிதர்கள் முகஞ்சுளிக்கும் சொல்லுக்கும் பாதிரிமார் காது கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். ஊராரோடு கதைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது.

இப்போது எல்லா இடத்தையும் ‘லூசு’ பிடித்துவிட்டது. சினிமா தந்தது. ரொறன்ரோப் பேரப்பிள்ளைக்கு விசர் ஓரளவு விளங்கும், விடுபேயன் விளங்காது. காதலிக்கிறவர்கள் மட்டும் இன்னும் பழையதை விடவில்லை. தொலைபேசியில் “போடா விசரா” என்று சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் அவனோடேயே கதைக்கிறார்கள்.

அடுத்த கிழமை: கொழுவல், சொறிச்சேட்டை முதலான சண்டைச் சொற்கள்.