இரு பச்சைப் பாம்புகள்



நாய் வளர்ப்போர் உண்டு. புறா வளர்ப்போர் உண்டு. பாம்பு வளர்ப்போரும் உலகில் உண்டு. மேலை நாடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பை வைத்து வளர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அவ்விருப்பம் நம் நாட்டு இளைஞர் சிலரையும் பற்றியிருக்கிறது. ‘மரத்தில் வாழும் பச்சைப் பாம்புகளுள் எதனை வளர்க்கலாம்?’ என்று கேட்போரும் உளர். அவ்வினாவையே இன்று ஆராய்வோம்.

நமக்கு அண்மையில் உள்ளதிலிருந்து தொடங்குவோம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து வேலிகளிலும் புதர்களிலும் கொடியோடு கொடியாகக் கிடப்பது பச்சைப் பாம்பு. கண்கொத்திப் பாம்பு என்பதும் அதன் பெயரே. அதன் மூக்கு ஊசிபோல் நீண்டிருப்பதால், மனிதனின் கண்ணைக் குறிபார்த்துக் கொத்தும் என்று மக்கள் அஞ்சினர். அறிவியலார் அவ்வினத்திற்கு இட்டுள்ள ‘அகைட்டுல்லா’ என்ற பெயர் சிங்கள மொழியிலிருந்து வந்தது. அதன் பொருளும் கண்கொத்தி என்பதே. சில ஊர்களில் வேறொரு நம்பிக்கையும் உண்டு. பச்சைப் பாம்பைக் கையால் உருவிவிட்டால் அந்தக் கை சமைக்கும் உணவு மணக்குமாம்! ஒரே பாம்பைக் குறித்து ஓரிடத்தில் அச்சம்; மற்றோரிடத்தில் ஆசை. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

இனி, மற்றொரு பாம்பைப் பாருங்கள். சேர்வராயன் மலை முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் மூங்கில் விரியன் வாழ்கிறது. அதுவும் பச்சை நிறம். அதுவும் மரம், புதர், மூங்கில் ஆகியவற்றில் தங்குவது. அதுவும் அசையாது கிடப்பது. சமவெளியில் வளர்ந்த பிள்ளை ஒருவன் மலைக்குச் சுற்றுலா செல்கிறான் என்று கொள்வோம். ‘இது எங்கள் ஊர்ப் பச்சைப் பாம்புதானே’ என்று அவன் கையை நீட்டினால் என்ன ஆகும்? நிறத்தை மட்டும் நம்புவதன் கேடு அங்கேதான் விளங்கும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எவ்வாறு? முதலாவது, உடல். பச்சைப் பாம்பு சாட்டைபோல் மெலிந்து நீண்டது; மூங்கில் விரியன் தடித்துக் குறுகியது. இரண்டாவது, தலை. முன்னதற்குக் கூரிய நீள்தலை. பின்னதற்கு ஒடுங்கிய கழுத்தின்மேல் அகன்ற முக்கோணத் தலை. மூன்றாவது, கண்மணி. பச்சைப் பாம்பின் கண்மணி கிடைக்கோடாக இருக்கும். விரியனுடையது நிற்கும் கோடாக இருக்கும். நான்காவது, விரியனின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே ஒரு குழி உண்டு. எலி முதலிய வெப்ப இரத்த உயிர்களின் உடற்சூட்டை இருளிலும் அக்குழியால் அது உணர்ந்துகொள்ளும். ஆகவே அது இரவில் வேட்டையாடும். பச்சைப் பாம்போ பகலில் கண்ணால் பார்த்து ஓணானையும் பல்லியையும் தவளையையும் பிடிக்கும். இவ்வேறுபாடுகளைத் தொலைவில் நின்றே காணவேண்டும். ஐயம் தீர்த்துக்கொள்ள அருகே செல்லலாகாது.

பச்சைப் பாம்பின் நஞ்சு மென்மையானது. மனித உயிருக்கு ஊறு செய்வதில்லை. மூங்கில் விரியன் கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் உண்டாகும். உயிரிழப்பு மிக அரிது. எனினும் நம் நாட்டு நச்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே செய்யப்படுவது; மூங்கில் விரியனின் நஞ்சுக்கு உரியதன்று என்பதை மறவாதீர்கள். எந்தப் பாம்பு கடித்தாலும், கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைவதே முறை. நம் மாவட்டத்தார்க்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கடல் கடந்த நாடுகளில் வளர்ப்போர் விரும்பும் பச்சைப் பாம்புகளுள் இரண்டைக் காண்போம். ஒன்று தென்னமெரிக்கக் காடுகளின் மரகத மரப் போவா. மற்றொன்று நியூகினியிலும் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலும் வாழும் பச்சை மர மலைப்பாம்பு. இரண்டும் கிளையின்மேல் ஒரே விதமாகச் சுருண்டு, தலையை நடுவில் வைத்து ஓய்வெடுக்கும். இரண்டின் குட்டிகளும் தொடக்கத்தில் பச்சையாக இரா. ஆனால் போவா குட்டி ஈனும், மலைப்பாம்பு முட்டையிடும். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இரண்டு உயிர்கள், ஒத்த வாழ்க்கையால் ஒத்த உருவம் பெற்றன. மரக்கிளை வாழ்வு இரு கண்டங்களிலும் ஒரே அச்சில் வார்த்த விந்தை இது!

அப்படியானால் எதனை வளர்க்கலாம்? நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2022-இல் திருத்தப்பெற்ற அச்சட்டத்தின்படி, மேற்கூறிய அயல்நாட்டுப் பாம்புகளை வைத்திருப்போர் அரசிடம் பதிவுசெய்தாக வேண்டும். இவ்வாறான உயிர்களைப் பெட்டிகளில் ஒளித்துக் கடத்தி வந்தோர் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளனர்.

சட்டத்திற்கு அப்பாலும் ஒன்று உண்டு. பாம்புகளை நன்கறிந்தவர் இருளர்களினும் யாவர்? 1978-இல் தோன்றிய அவர்தம் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. அவர்கள் அரசின் இசைவோடு பாம்புகளைப் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பாம்பின் போக்கெல்லாம் அறிந்த அவர்களே அதனை வீட்டுப் பொருளாக்கவில்லை.

நாய் நம் குரலுக்கு வாலாட்டும். பாம்புக்கு நம் அன்பு தேவையில்லை, அதற்குத் தேவை கிளையும் இரையும் தனிமையுமே. பச்சைப் பாம்பா, மூங்கில் விரியனா என்று இனங்காணக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த அறிவு உயிர் காக்கும். இனங்கண்டபின் இரண்டையும் அவற்றின் மரத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்த முறை வேலியில் ஒரு கொடி அசைந்தால், கல்லெடுக்காமல் நான்கடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணாடிப் பெட்டியில் காண முடியாத வாழ்க்கையை அங்கே காண்பீர்கள்.