நாரி நோ எண்டால் எந்த இடம்?

"நாரி" என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேரான சொல் இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது முதுகின் அடி, இடுப்பின் பின்பக்கம், பிட்டத்தின் மேல்பாதி எல்லாம் சேர்ந்த ஓரிடம். தமிழ்நாட்டு நண்பிகள் "இடுப்பு வலி" என்பார்கள், கிட்டத்தட்ட அதுதான். லண்டனில் ஜிபிக்கு முன்னால் இருந்து அம்மாமாருக்கு மொழிபெயர்க்கும்போது அது "பக் பெயின்" என்று இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும். டொக்டர் "பனடோல் எடுங்கோ, கொஞ்சம் நடவுங்கோ" என்பார். அதோடு பத்து நிமிடம் முடிந்துவிடும்.

எங்கட வீட்டில் ஒரே வருடத்தில் மூன்று பேருக்கு நாரி நோ. எனக்கு, தம்பிக்கு, அம்மாவுக்கு. கடைசியில் பார்த்தால் மூன்றும் வேறு வேறு பிரச்சினை. பிள்ளை தூக்குகிற வயதில் இருக்கிற உங்களில் பலருக்கு என்னுடையதுதான் இருக்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் 28 கிழமை. கட்டிலில் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் திரும்பும்போது வலது பிட்டத்துக்கு மேலே கத்தியால் குத்தின மாதிரி ஒரு நோ. காரில் இருந்து ஒரு காலை வெளியே வைக்கும்போது, படி ஏறும்போது, ஒற்றைக் காலில் நின்று காற்சட்டை போடும்போது எல்லாம் அதே இடம். மகன் பிறந்து ஐந்து மாதம் ஆகியும் அது போகவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "பிள்ளை பெத்தால் நாரி நோகும்தானே." அது பொய்யில்லை. பிரிட்டனில் கர்ப்பிணிகளில் ஐந்து பேரில் ஒருவருக்கு இடுப்பு வளைய நோ வருவதாக மகப்பேற்று மருத்துவர்களின் கல்லூரியே சொல்கிறது. ஆனால் அதே கல்லூரி, கர்ப்ப காலத்திலேயே பிசியோவிடம் அனுப்பலாம், பிறக்கும் வரை பொறுத்திருக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறது. அந்தப் பாதி மட்டும் எங்கட பெண்களின் காதுக்கு வந்து சேருவதில்லை.

பிசியோ என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு விரலால் காட்டுங்கள்." உள்ளங்கையால் நாரி முழுவதையும் தடவிக் காட்டுவது வேறு, ஒரு விரலை ஓர் இடத்தில் வைப்பது வேறு. என் விரல் பின்னிடுப்பில் குழி விழுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. பிறகு என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, மடித்த முழங்காலைப் பிடித்துத் தொடை வழியாகக் கீழ்நோக்கி அமர்த்தினார். இடுப்பெலும்பு இரண்டையும் வெளிப்பக்கம் தள்ளினார், பக்கவாட்டில் படுக்கவிட்டு மேலிருந்து அமர்த்தினார். இப்படி ஐந்து சோதனை. அதில் மூன்றாவது உங்கள் வழக்கமான நோவைக் கிளப்பினால்தான் சாக்ரோஇலியாக் மூட்டைச் சந்தேகிப்பார்கள். ஒன்று நொந்தது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. எனக்கு நான்கு நொந்தது.

அந்த மூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முள்ளந்தண்டின் அடியில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. அது இரண்டு பக்கமும் இடுப்பெலும்போடு சேருகிற இடம்தான் இது. உடம்பின் மேற்பாதிப் பாரம் கால்களுக்கு இறங்குவது இந்த வழியால்தான். தோள்மூட்டு மாதிரிச் சுழலுகிற மூட்டு இல்லை. உடம்பின் மிக உறுதியான நார்கள் சில இதைச் சுற்றிக் கட்டியிருக்கின்றன. அசைவது சில பாகை, ஓரிரு மில்லிமீற்றர், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மச்சாளுக்கு ஒருவர் "உங்கட இடுப்பெலும்பு ஒரு பக்கம் ஏறிட்டுது, கிழமைக்கு ஒருக்கா வந்தால் திருப்பி இருத்திவிடுவேன்" என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் காசு. இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு பழையபடி. கையால் அமர்த்தி, நீவி விடுவது கொஞ்ச நேரத்துக்கு நோவைக் குறைக்கும், அதில் தவறில்லை. ஆனால் அங்கே விலகின எலும்பு ஒன்றும் திரும்பி வந்து இருக்கவில்லை. காசு போனதைவிடப் பெரிய சேதம் என்னவென்றால், "குனிஞ்சால் விலகிடும்" என்ற பயத்தில் மச்சாள் தன் பிள்ளையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். பயந்து ஆடாமல் அசையாமல் இருக்க இருக்கத் தசை மெலிகிறது, நோ கூடுகிறது.

எனக்கு உதவினதைச் சொல்கிறேன். முதல் சில கிழமை நோவைக் கிளறாமல் இருப்பதுதான் வேலை. படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் இடையில் தடித்த தலையணை. திரும்பும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உடம்பை ஒரே துண்டாகத் திருப்புவது. காரில் முதலில் இருந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுப்பது. காற்சட்டையைக் கட்டிலில் இருந்து போடுவது. படியில் ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறுவது. பிள்ளையை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்கிற பழக்கம் எங்கட பெண்களுக்கு இரத்தத்திலேயே இருக்கிறது. பக்கத்தை மாற்ற வேண்டும், அல்லது நெஞ்சோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பிள்ளையோடு சேர்த்துக் கார் சீட்டை ஒரு கையில் தொங்கவிட்டுக் கார் பார்க் முழுக்க நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமானது.

இடுப்பைச் சுற்றிப் போடுகிற பெல்ற் சிலருக்குக் கர்ப்பத்திலும் பிறகும் நடக்கும்போது உதவும். வயிற்றில் இல்லை, இடுப்பெலும்பைச் சுற்றிக் கீழே போடவேண்டும். எனக்கு கடைக்குப் போகும்போது மட்டும் பிரயோசனப்பட்டது. நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிவதற்கானது இல்லை.

அம்மா 31 நாள் எங்கட வீட்டில் நின்று வேதுத் தண்ணி வார்த்தா, சரக்குக் கறி வைத்தா, சித்தாலேப பூசினா. "எழும்பாதை பிள்ளை, படு" என்பது அவவின் மந்திரம். சூடு நல்லது, பிசியோவும் அதையே சொன்னார். ஒருவர் சமைத்துத் தருவது அதைவிட நல்லது. ஆனால் படுக்கையில் மட்டும் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: ஒரு நாளைக்கு மூன்று தரம் பத்து நிமிடம் நடப்பேன், மிச்ச நேரம் அவ சொன்னபடி.

பிறகுதான் உண்மையான வேலை, தசைகளைப் பலப்படுத்துவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை மேலே தூக்குவது. பக்கவாட்டில் படுத்து மேல் முழங்காலை மட்டும் திறப்பது. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது. கடைசிக் கட்டத்தில் கையில் பாரம் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது, ஏனென்றால் கட்டிலில் இருந்து பத்துக் கிலோ பிள்ளையைத் தூக்குவது அதே அசைவுதான். கிழமைக்கு மூன்று நாள், வீட்டு வரவேற்பறையில், பெரியவள் முதுகில் ஏறப் பார்க்கப் பார்க்கச் செய்தேன். ஆறாவது கிழமையில் இரவில் எழும்பாமல் திரும்பினேன். மூன்று மாதத்தில் படி ஏறினேன். இன்றும் நாள் முழுக்கக் கலியாண வீட்டில் நின்றால் அடுத்த நாள் தன் இருப்பைக் காட்டும். இரண்டு நாள் குறைத்துச் செய்வேன், போய்விடும். இதெல்லாம் செய்தும் மாதக்கணக்கில் குறையாதவர்களுக்கு மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போன்ற வழிகள் இருக்கின்றன. மிகச் சிலருக்குச் சத்திரசிகிச்சையும் உண்டு.

குளிசை பற்றி: சாதாரண கீழ் முதுகு நோவுக்குப் பரசிற்றமோலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016லேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. கர்ப்பத்தில் டொக்டரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபன் எடுக்கக்கூடாது.

தம்பியின் கதை வேறு. வயது 27. அதிகாலை நாலு மணிக்கு நோவில் முழிப்பான். காலையில் ஒரு மணித்தியாலம் நாரி விறைத்துக்கொண்டு நிற்கும், பந்து விளையாடப் போனால் சுகமாகிவிடும். எனக்கு ஓய்வெடுத்தால் குறையும், அவனுக்கு ஓய்வெடுத்தால் கூடும். இடையில் ஒரு தரம் கண் சிவந்து நொந்தது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடைசியில் மூட்டுவாத நிபுணர் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார். நொந்தது என்னுடைய அதே மூட்டுத்தான், ஆனால் உள்ளே அழற்சி. ஆக்சியல் ஸ்பொண்டிலோஆர்த்ரைற்றிஸ் என்று பெயர். தொடக்க வருடங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, அசைந்தால் குறைகிற நாரி நோ என்றால், "மூட்டுவாதப் பிரிவுக்கு அனுப்புங்கோ" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவனுக்கு இப்போது குளிசையும் நீச்சலும்.

இன்னொன்று, இதற்குக் காத்திருக்கவே கூடாது: மூத்திரம் போக முடியாமலோ கட்டுப்படுத்த முடியாமலோ போவது, மலம் தெரியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. எங்கட பெண்கள் வெட்கத்தில் சொல்லாமல் விடுகிற விசயங்கள் இவை. அம்மாவிடம் நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

அம்மாவின் நாரி நோவுக்கு என் வயது இருக்கும். "வயசு போனால் இப்பிடித்தான்" என்று அவவே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தா. இந்த முறை அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். என்.எச்.எஸ்ஸில் அது இலவசம், கூடுதல் நேரமும் கேட்கலாம். தொலைபேசியில் வந்த பெண்ணிடம் அம்மா எனக்குச் சொல்லாததெல்லாம் சொன்னா. "நடந்தால் ரெண்டு காலும் உளையுது தங்கச்சி. நிண்டால் ஏலாது. ஆனால் டெஸ்கோவில ட்ரொலியில சாய்ஞ்சு தள்ளிக்கொண்டு எவ்வளவு நேரமும் திரிவன்."

அந்த ட்ரொலியைக் கேட்டதும் டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்னால் குனிந்தால் சுகம், நிமிர்ந்து நடந்தால் கால் உளைவு என்பது முள்ளந்தண்டுக்குள் நரம்பு போகிற வழி ஒடுங்கியிருப்பதன் அடையாளம். என் மூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பயிற்சிகூட வேறு: அவவுக்கு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவதும் நிற்கிற சைக்கிள் மிதிப்பதும். சைக்கிளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் வைத்திருக்கிறோம். நாடகம் ஓடும்போது மிதிக்கிறா, விளம்பரம் வந்தால் நிப்பாட்டுகிறா. கோயிலில் கதிரையில் இருக்க மட்டும் இன்னும் மறுக்கிறா.