குளுக்கோஸுக்கு முன் ஓர் ஊசி

குடியை நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில்தான் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடும் பிதற்றல் நிலைக்கான அபாயம் அதிகம். குடிநோய் எப்படி வேரூன்றுகிறது என்பது சென்ற இதழிலேயே முடிந்துவிட்டது. இனி வார்டு.

அங்கே செவிலியர் கையில் இருப்பது, குடியை நிறுத்தியதால் வரும் அறிகுறிகளின் கடுமையை அளக்கும் சிவா-ஏஆர் என்னும் பத்துக் கேள்வி அட்டவணை. மொத்த மதிப்பெண் 67. நோயாளி இரு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்க வேண்டும். சிலருக்கு நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது. செவிலியர் தன் விரல்நுனியை அவர் விரல்நுனியில் வைத்தால்தான் உணர முடியும். அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு. உடம்பில் பூச்சி ஊர்கிறதா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, இன்று என்ன தேதி என்று கேள்விகள் தொடரும். எண் ஏற ஏற மருந்தும் கூடும்.

இதற்கிடையே உறவினர் வருவார்: “ரொம்ப வீக்கா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்.” அக்கறையான வேண்டுகோள்தான், ஆனால் ஆபத்தானது. சர்க்கரையை எரிக்க உடலுக்குத் தயமின், அதாவது பி1 வைட்டமின் வேண்டும். அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தாங்காது. சாப்பாட்டை விட்டுக் குடித்தவரிடம் அதுவும் காலி. எஞ்சியதைக் குளுக்கோஸ் தின்றுவிட்டால் மூளை பாதிக்கப்படும். குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் ஆகியவை வெர்னிக்கே நோயின் அடையாளங்கள். தள்ளாட்டத்தைப் போதை என்று எண்ணிவிடுவது எளிது. எனவே தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. ரத்தச் சர்க்கரை அபாயமாகக் குறைந்திருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். குடிநோயாளியின் குடல் தயமினைச் சரியாக உறிஞ்சாது என்பதால்தான் மாத்திரைக்குப் பதில் ஊசி.

1881-இல் கார்ல் வெர்னிக்கே இந்நோயை விவரித்தபோது அவர் காட்டியவர்கள் மூவர். இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் தையல் வேலை செய்த இளம்பெண். கந்தக அமிலம் குடித்து, அதன்பின் ஓயாமல் வாந்தி எடுத்தவர். ஆக, இது குடிகாரர்களுக்கு மட்டுமான நோய் அல்ல என்பது முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. மூவரும் இறந்தனர், வைட்டமின் என்ற கருத்தே அப்போது இல்லை. தயமினை 1936-இல் ஆய்வகத்தில் உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்த பாதிரியார் வீட்டுப் பிள்ளை. இளமையில் மணிலாவில், பெரிபெரி கண்ட குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாறு கொடுத்துப் பார்த்தவர். தீட்டித் தீட்டி அரிசியிலிருந்து கழிக்கப்படும் அதே தவிடு.

உணவுக் கோளாறுகளுக்கும் அந்தத் தையல்காரப் பெண்ணே வழிகாட்டுகிறார்: குடியால் அல்ல, உணவு உடலில் தங்காததால் தயமினை இழந்தவர் அவர். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென வயிறார உணவு கொடுத்தால் இன்சுலின் பொங்கும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் பாய்ந்துவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆகவே குறைவாகத் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல், உணவு தொடங்கும் முன்பும் முதல் பத்து நாட்களும் தயமின் தரச் சொல்கிறது. நாடித்துடிப்பு, கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றைச் செவிலியர் தினமும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

எடை பார்க்கும் முறையும், சாப்பிட்ட பின் நோயாளியுடன் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரமும் அடுத்த இதழுக்கு. அதுவரை வீட்டார் கவனத்துக்கு: மருத்துவமனையில் சேர்க்கும்போது, கடைசியாகக் குடித்தது எப்போது, ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்பதைக் கூச்சப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.