வாலைப் பிடிக்கலாம் வாங்க!

'வால் நட்சத்திரம் பார்த்திருக்கியா மச்சி?' என்று உங்கள் கிளாஸில் கேட்டுப் பாருங்கள். 'ஓ... சர்ருனு வானத்தைக் கிழிச்சுக்கிட்டு ஒண்ணு ஓடுச்சே!' என்று நாலு பேராவது சொல்வார்கள். ஸாரி பாஸ்... அது வால் நட்சத்திரம் இல்லை, எரிநட்சத்திரம். ஒரு மணல் துணுக்கு நம்ம காற்று மண்டலத்துக்குள் புகுந்து எரிந்துபோகிற ஒரு நொடி வாணவேடிக்கை.

வால் நட்சத்திரம் ஓடாது. அதாவது, நம்ம கண்ணுக்கு ஓடாது. சூரியனை நெருங்கும்போது ஹாலி வால் நட்சத்திரத்தின் வேகம் நொடிக்கு 54 கிலோமீட்டர். ஆனாலும் பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், அமைதியாக நிற்கிற மாதிரிதான் தெரியும். மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்தால், பக்கத்து நட்சத்திரங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். அந்த 'கொஞ்சம் தள்ளி'யைப் பிடிப்பதுதான் மொத்த விளையாட்டே!

அழுக்கு ஐஸ் கட்டி

பெயர்தான் நட்சத்திரம். உள்ளே இருப்பது ஐஸும் தூசியும் கலந்த ஒரு கட்டி. 'அழுக்குப் பனிப்பந்து' என்று 1950-ல் இதற்கு விளக்கம் கொடுத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஃப்ரெட் விப்பிள். 1986-ல் ஜியோட்டோ விண்கலம் ஹாலிக்குப் பக்கத்தில் போய் போட்டோ எடுத்தது. சுமார் 15 கிலோமீட்டர் நீளத்தில், கரி மாதிரி கறுப்பாக இருந்தது. மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறதாம்!

அப்புறம் எப்படி ஜொலிக்கிறது? சூரியன் பக்கம் வரும்போது ஐஸ் உருகாமலேயே நேராக ஆவியாகிறது. அதோடு தூசியும் கிளம்பி, கட்டியைச் சுற்றிப் பெரிய புகைப்பந்து உருவாகிறது. சூரியன் அதை ஊதித் தள்ளினால்... வால் ரெடி. சூரியக் காற்று தள்ளுவது நீல நிற வாயு வால், நேராக இருக்கும். சூரிய ஒளியே தள்ளுவது தூசி வால், மஞ்சளாக வளைந்து கிடக்கும்.

இதில் ஒரு செம விஷயம் உண்டு. வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும். ஸோ, சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால் முன்னால் போகும், தலை பின்னால் போகும்!

மெஸ்ஸியேவின் பிளாக் லிஸ்ட்

சரி, வாலே சரியாகத் தெரியாத நிலையில் அதை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? 18-ம் நூற்றாண்டில் பாரீஸில் இருந்த சார்ல்ஸ் மெஸ்ஸியே படாத பாடு பட்டார். மங்கலாக ஒரு பஞ்சுத் துண்டு தெரியும். 'ஆஹா, சிக்கிருச்சு!' என்று பார்த்தால் மறுநாளும் அங்கேயே இருக்கும். நகராவிட்டால் அது வால் நட்சத்திரம் இல்லை. இந்த ஏமாற்றுப் பேர்வழிகளை எல்லாம் அவர் ஒரு லிஸ்ட் போட்டார். இன்றைக்கு அதில் 110 இருக்கின்றன. தமாஷ் என்னன்னா, அந்த லிஸ்டில் இருப்பவைதான் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி மாதிரியான சூப்பர் ஸ்டார்கள்!

அவர் சொல்லிக் கொடுக்கிற பாடம் இதுதான்: வானத்தில் வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் புதுசாக வந்தது கண்ணில் படும்.

சென்னையில் பிறந்த ஸ்டூடண்ட்

அப்படித்தான் ஒருவருக்குக் கண்ணில் பட்டது. 1949 ஜூலை 2. அமெரிக்காவின் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், தான் எடுத்த போட்டோ தகட்டில் அங்கே இருக்கவே கூடாத ஒரு வாலைப் பார்த்தார். பேராசிரியர் பார்ட் போக்கும் சக மாணவர் கார்டன் நியூகிர்க்கும் சேர்ந்து அதை உறுதி செய்தார்கள். பாப்பு-போக்-நியூகிர்க் வால் நட்சத்திரம் பிறந்தது. அந்த மாணவர்தான் வைணு பாப்பு. சென்னையில் பிறந்தவர். அப்போது வயது ஜஸ்ட் 21!

ஊர் திரும்பிய பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். அங்கே இருக்கும் 2.3 மீட்டர் டெலஸ்கோப்புக்கு 1986-ல் அவர் பெயரையே வைத்தார்கள். பார்க்க அவர்தான் இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார்.

'அதெல்லாம் அந்தக் காலம் பாஸ்' என்கிறீர்களா? சூரியனைக் கண்காணிக்க 1995-ல் ஏவப்பட்டது சோஹோ விண்கலம் (சாஃப்ட்வேர் கம்பெனி இல்லீங்க!). அதன் படங்களை யார் வேண்டுமானாலும் நெட்டில் அலசலாம் என்று திறந்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் அதில் 5,000-வது வால் நட்சத்திரத்தைப் பிடித்தவர் ஹான்ஜியே டான் என்ற சீன மாணவர். 13 வயதில் தேட ஆரம்பித்தவராம்!

மொட்டை மாடி டிப்ஸ்

2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் வந்தபோது எங்க ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு ஒரு பட்டாளமே ஏறியது. நெட்டில் போட்டோக்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், 'இவ்ளோதானா?' என்று மெஸ்ஸுக்கு இறங்கிட்டாங்க. மிச்சப் பேர் இருட்டில் உட்கார்ந்தோம். கண் பழகப் பழக, வால் நீண்டுக்கிட்டே போச்சு! கேமரா பல நொடி வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கும், நம்ம கண் சேர்க்காது. அதனால்தான் அந்த வித்தியாசம்.

அடுத்தது வரும்போது நீங்க ரெடியா இருக்க...

* 'ஸ்டெல்லேரியம்' சாஃப்ட்வேரில் எந்தத் திசை, எத்தனை மணி என்று பார்த்து வையுங்கள். பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் கிழக்கே, அல்லது சூரியன் மறைந்ததும் மேற்கே.

* நிலா இல்லாத நாளாக, ஊர் வெளிச்சம் படாத இடமாகப் பாருங்கள். சொந்த ஊர் வயக்காடு பெஸ்ட்!

* 20 நிமிஷம் செல்போனைத் தொடாதீர்கள். டார்ச் மேல் சிவப்பு கண்ணாடிப் பேப்பர் ஒட்டுங்கள்.

* 10x50 பைனாகுலர் போதும். 1996-ல் ஜப்பானின் யூஜி ஹியாகுடாகே தன் பெயர் கொண்ட வால் நட்சத்திரத்தைப் பிடித்ததும் ஒரு பெரிய பைனாகுலரில்தான்.

* நேராக முறைக்காதீர்கள். ஓரக்கண்ணால் பாருங்கள். மங்கல் வெளிச்சத்தை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. (இந்த டெக்னிக்கில் நம்ம பசங்களுக்கு டிரெய்னிங் தேவையில்லை!)

* சூரியன் வானத்தில் இருக்கும்போது பைனாகுலரை அந்தப் பக்கமே திருப்பாதீர்கள். கண் போய்விடும்.

* பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு பேப்பரில் வரையுங்கள். மறுநாளும் வரையுங்கள். எந்தப் புள்ளி நகர்ந்ததோ, அதுதான் ஆள்!

ஹாலி அடுத்து வருவது 2061-ல். நமக்கெல்லாம் ரிட்டயர்மென்ட் நெருங்கும் வயசு. அதுவரை காத்திருக்க வேண்டாம். அது உதிர்த்துவிட்டுப் போன தூசிதான் ஒவ்வொரு மே மாத ஆரம்பத்திலும், அக்டோபர் 21-ஐ ஒட்டியும் எரிநட்சத்திர மழையாகப் பொழிகிறது. அலாரம் விடியற்காலை 4 மணிக்கு வையுங்கள். எப்படியும் எக்ஸாமுக்கு முன்னால் அந்த நேரத்தில் முழிச்சுத்தானே இருப்பீங்க... கொஞ்சம் மாடிக்கு வாங்க!