25 பாட்டு, ஆயிரம் பஞ்சாயத்து: ஒரு செட்லிஸ்ட் எப்படி உருவாகுது?

மக்களே, முதல்ல ஒரு கேள்வி. ஒரு கச்சேரியில 28 பாட்டு. அதுல 16 இந்தி, 12 தமிழ். இதைக் கேட்டுட்டு, "தமிழ்ப் பாட்டு ரொம்ப ஜாஸ்தி, டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு"ன்னு யாராவது கேப்பாங்களா?

கேட்டாங்க. 2017 ஜூலை 8, லண்டன் வெம்ப்லி அரங்கம். ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வந்து 25 வருஷம் ஆனதுக்கான கச்சேரி. பேரே "நேற்று இன்று நாளை". இந்திப் பாட்டுக்காக வந்த ரசிகர்கள் சிலர் பாதியிலேயே எழுந்து போனாங்க. ட்விட்டர்ல ரெண்டு மூணு நாள் ஒரே சண்டை. "தமிழ்ல பேரு வச்ச கச்சேரிக்கு வந்துட்டு தமிழ் எதுக்குன்னு கேக்கலாமா?"ன்னு ஒரு பக்கம். "நான் குடுத்த காசுக்கு எனக்குத் தெரிஞ்ச பாட்டு வேணாமா?"ன்னு இன்னொரு பக்கம். மேல சொன்ன 16-12 கணக்கு அப்போ செய்திகள்ல வந்ததுதான். கணக்கு வந்த பிறகும் சண்டை நிக்கல.

ஏன் நிக்கலன்னா, சண்டை எண்ணிக்கையைப் பத்தினதே இல்ல. ஒரு செட்லிஸ்ட், அதாவது மேடையில எந்தப் பாட்டு எந்த வரிசையில வரணும்ங்கிற பட்டியல், எப்படித் தயாராகுதுன்னு தெரிஞ்சா இது புரியும். நம்ம பாஷையில சொன்னா, அது ஒரு ஆப்டிமைசேஷன் ப்ராப்ளம்.

கன்ஸ்ட்ரெயின்ட் 1: நேரம்

ஒரு பெரிய கச்சேரி ரெண்டரை மணி நேரம்னு வைங்க. 150 நிமிஷம். ஒரு பாட்டு 5 நிமிஷம், நடுவுல பேச்சு, கைதட்டல், ஆள் மாறுறது எல்லாம் 1 நிமிஷம். 150-ஐ 6-ஆல வகுத்தா 25 பாட்டு. அவ்வளவுதான் இடம்.

இப்போ இளையராஜாவை எடுத்துக்குங்க. 1000 படத்துக்கு மேல. படத்துக்கு 4 பாட்டுன்னு குறைச்சுப் போட்டாலும் 4000 பாட்டு. அதுல 25-ன்னா நூத்துக்கு ஒண்ணு கூட தேறாது. "என் பாட்டை ஏன் பாடல?"ங்கிற வருத்தம் கேட் திறக்கிறதுக்கு முன்னாடியே உறுதியாயிடுது. இதுல யார் தப்பும் இல்ல.

கன்ஸ்ட்ரெயின்ட் 2: தொண்டை

25 வயசுல ரெக்கார்டிங் தியேட்டர்ல பாடின உச்சஸ்தாயியை 60 வயசுல மேடையில பிடிக்கிறது கஷ்டம். அதனால பல பேர் அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாடுவாங்க. ராக் பேண்ட்லயும் இதே கதைதான். கிடார் தந்தியையே கொஞ்சம் தளர்த்தி மொத்த பாட்டையும் கீழ இறக்கிடுவாங்க. தொண்டையைப் பிடிக்கிற பாட்டு ரெண்டை அடுத்தடுத்து வைக்க முடியாது. நடுவுல ஒரு மெலடியோ, டிரம்ஸ் சோலோவோ வரும். நாம தண்ணி குடிக்கப் போற அந்தக் கேப், பாடகருக்கு மூச்சு வாங்குற நேரம்.

சில பாட்டுக்கு ஆளே இல்லாமப் போயிடுது. 2020-ல எஸ்.பி.பி. போன பிறகு அவர் பாட்டை மேடையில யார் பாடினாலும், கேக்குறவங்க மனசுல ஒரு ஒப்பீடு ஓடிக்கிட்டே இருக்கும். பாடலாமா வேண்டாமாங்கிறதே ஒரு முடிவாயிடுது.

கன்ஸ்ட்ரெயின்ட் 3: வயரிங்

இசிஇ மக்கள் கவனிங்க, இது உங்க ஏரியா. எங்க ஊர் சேந்தமங்கலம் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு ஆர்கெஸ்ட்ரா வச்சா, கூட்டத்துல இருந்து துண்டுச் சீட்டு மேடைக்குப் போகும். "இன்ன படத்துல இருந்து ஒரு பாட்டு"ன்னு எழுதி, கூட ஒரு பத்து ரூபாயும் வச்சு அனுப்புவாங்க. கீபோர்ட்காரர் ஸ்ருதி கேப்பார், தபலா தயாரா இருக்கும், பாட்டு வந்துடும். அங்க செட்லிஸ்ட் ரசிகன் கையிலதான் இருக்கு.

பெரிய அரங்கத்துல இது ஏன் நடக்காது? வாசிக்கிறவங்க காதுல இருக்கிற இயர்பீஸ்ல "டிக் டிக்"னு ஒரு கிளிக் ட்ராக் ஓடும். அந்த வேகத்துக்குத்தான் எல்லாரும் வாசிக்கணும். மேடையில ஆள் இல்லாத வாத்தியங்களோட பதிவு, பின்னாடி எல்இடி திரையில வர்ற வீடியோ, லைட்டு, எல்லாமே டைம்கோடு வழியா அதோட பூட்டியிருக்கும். ஒரு பாட்டை மாத்தினா வீடியோ, லைட், சவுண்ட் மூணுக்கும் புது ப்ரோக்ராம் வேணும். நாம கீழ இருந்து "ஒன்ஸ் மோர்" கத்துறது, ஓடிக்கிட்டிருக்கிற கோடை நடுவுல எடிட் பண்ணச் சொல்ற மாதிரி. எல்லா பேண்டும் இப்படி இல்ல. ஆனா ஷோ பெருசாகப் பெருசாக, பட்டியல் இறுகிடும்.

சரி, ஓட்டுப் போட்டா?

"ரசிகர்களையே கேட்டுட்டா முடிஞ்சுது"ன்னு தோணும். அமெரிக்காவுல 1981-ல ஆரம்பிச்ச மெட்டாலிகா பேண்ட் இதைச் செஞ்சே பாத்தது. (2011 அக்டோபர் 30 அன்னைக்கு நம்ம சேலத்துல இருந்து 200 கிலோமீட்டர்ல, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல வாசிச்சாங்களே, அவங்கதான்.) 2014 டூர்ல டிக்கெட் வாங்கினவங்க ஓட்டுப் போட்டு பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம்னு விட்டாங்க. ரிசல்ட்? ஊருக்கு ஊர் பெரும்பாலும் அதே பழைய ஹிட்டுகள்தான் மேல வந்துச்சு.

ஏன்னு உங்க கிளாஸை வச்சே பாக்கலாம். 60 பேர், ஆளுக்கு பத்து ரஹ்மான் பாட்டு எழுதறீங்கன்னு கற்பனை பண்ணுங்க. எல்லார் லிஸ்ட்லயும் பொதுவா வர்றது நாலஞ்சுதான் இருக்கும், அதுவும் பழைய ஹிட்டு. மிச்சம் ஒவ்வொருத்தருக்கும் வேற வேற. ஒருத்தி ஹாஸ்டல்ல அழுதப்போ கேட்ட பாட்டு, ஒருத்தன் பஸ்ல தினமும் கேட்ட பாட்டு. ஓட்டை எண்ணும்போது அந்த நாலஞ்சு ஜெயிக்கும், உங்களுக்குன்னு இருக்கிற பாட்டு எல்லாம் ஒத்தை ஓட்டுல தோக்கும். அதாவது, ஓட்டெடுப்பு யாருக்கும் பிடிக்காததை விலக்கும். ஆனா யாருக்கும் ரொம்பப் பிடிச்சதைக் கொண்டு வராது. புதுப் பாட்டுக்கு அதுல சான்ஸே இல்ல, ஏன்னா அது இன்னும் யாரோட ஞாபகமாவும் ஆகல.

2023-ல அதே மெட்டாலிகா வேற வழி பிடிச்சாங்க. ஒரு ஊர்ல ரெண்டு நாள் கச்சேரி, ரெண்டு நாளும் ஒரு பாட்டு கூட ரிப்பீட் கிடையாது. ஹிட்டுகளை ரெண்டா பிரிச்சு, நடுவுல புது ஆல்பத்தையும் பழைய அபூர்வமான பாட்டுகளையும் வச்சாங்க. 25 இடம்ங்கிற கன்ஸ்ட்ரெயின்ட்டையே தளர்த்திட்டாங்க, பாத்தீங்களா? செலவு என்னன்னா, முழுசா கேக்க ரெண்டு நாள் டிக்கெட் வேணும். ஃப்ரீயா எந்த சொல்யூஷனும் வர்றதில்ல.

உண்மையான சண்டை எது?

திரும்ப வெம்ப்லிக்கு வருவோம். 16 இந்திப் பாட்டு இருந்தும் ஏன் "இல்லவே இல்ல"ன்னு தோணுச்சு? என் கணிப்பு இது: நாம பாட்டை எண்ணிக்கிட்டு கேக்கறதில்ல. தெரிஞ்ச பாட்டு ஓடினா அஞ்சு நிமிஷம் ஒரு நிமிஷமாப் போகும். தெரியாத பாட்டு மூணு அடுத்தடுத்து வந்தா கால் மணி நேரம் ஒரு மணி நேரமாத் தெரியும். அதோட, நமக்குத் தெரியாத பாட்டுக்கு பக்கத்து சீட்காரன் எழுந்து ஆடினா, "இந்த ஆளு என்னோடவர்னு நினைச்சேனே, இவங்களோடவரா?"ன்னு ஒரு சின்னப் பொறாமை வரும். கலைஞர் யாருக்குச் சொந்தம்ங்கிறதுதான் அங்க அடி ஆழத்துல ஓடின கேள்வி.

அந்தக் கச்சேரியோட பேருல இருக்கிற "நாளை"தான் இன்னும் சிக்கல். 2025 மார்ச் 8, லண்டன் அப்பல்லோ அரங்கம். 81 வயசுல இளையராஜா தன்னோட "வேலியன்ட்" சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வச்சு அரங்கேத்தினார். நாலு பகுதி, வார்த்தை இல்ல, பாடகர் இல்ல. எந்த ரசிகர் ஓட்டெடுப்பும் அதைக் கேட்டிருக்காது. பாப் டிலன் 1965-ல எலெக்ட்ரிக் கிடாரோட மேடை ஏறினப்போ கூச்சல் வந்துச்சு. அடுத்த வருஷம் மான்செஸ்டர்ல ஒருத்தர் "யூதாஸ்"னே கத்தினார். இன்னைக்கு அந்தப் பாட்டுகள்தான் "பழைய நல்ல பாட்டு" லிஸ்ட்ல இருக்கு.

1992-ல "ரோஜா" வந்தப்போவும், அது யாரும் துண்டுச் சீட்டுல எழுதிக் கேட்ட சத்தம் இல்ல. ஏற்கனவே கேட்டதைத்தான் நம்மால கேட்டு வாங்க முடியும்.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

காசு குடுத்தவனுக்குக் கேள்வி கேக்க உரிமை உண்டு, அதுல சந்தேகமே இல்ல. ஒரு மாச மெஸ் பில்லை டிக்கெட்டுக்குப் போட்டவன் ஏமாந்தா கோவம் வரத்தான் செய்யும். அதனால ஏற்பாட்டாளர்கள் போஸ்டர்லயே தெளிவா சொல்லணும்: எந்த மொழி, எந்தக் காலத்துப் பாட்டு, புதுசு எவ்வளவு. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

மீதிப் பாதி நம்ம கையில. அடுத்த தடவை கல்ச்சுரல்ஸ்ல பேண்ட் மேடை ஏறி "இது எங்க சொந்தப் பாட்டு"ன்னு சொல்லும்போது, உடனே "ஹிட்டு பாடு ப்ரோ"ன்னு கத்தாதீங்க. 25-ல ஒரு 3 பாட்டை அவங்களுக்கு விட்டுக் குடுங்க. மொத்தம் 18 நிமிஷம். நம்ம லேப்ல ப்ரோக்ராம் கம்பைல் ஆகக் காத்திருக்கிறதை விடக் கம்மி. பிடிக்கலைன்னா வெளிய வந்து டீக்கடையில நல்லா விவாதம் பண்ணுங்க. ஆனா கேட்டுட்டுப் பண்ணுங்க.